இருவருக்கும் ஓர் அறை தேடியவர்

அன்று ஞாயிறு திருப்பலி முடிந்து, பங்கு மண்டபத்தின் பின்புறம் மதிய உணவுக்குத் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தோம். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வந்து, "சேவியரண்ணன் போயிட்டாருங்க" என்றார். நெஞ்சுவலி என்று முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இரண்டொரு நாளில் வந்துவிடுவார் என்றே நினைத்திருந்தோம். யாருக்கும் கை ஓடவில்லை. ஆனால் சாப்பிட வந்தவர்கள் வெளியே காத்திருந்தார்கள். அவர் மனைவி லீலா அக்காவே போனில் அழைத்து, சாப்பாட்டைப் போட்டுவிட்டு வாருங்கள் என்றார். பரிமாறினோம். அண்ணன் எங்கே என்று கேட்டவர்களுக்கு, சாப்பிட்டு முடிக்கும்வரை சொல்லவில்லை.

கோவை கணபதிப் பகுதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் லேத் ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். தெருவில் தங்கியிருப்பவர்களுக்கு நம் பங்குக் கோயில் சோற்றுப் பொட்டலம் கொடுத்துவந்த காலத்தில், மண்டபத்திலேயே உட்கார வைத்துப் பரிமாற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கல்யாணம் நடக்கிற இடம், அழுக்காகிவிடும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். "கோயிலுக்குள்ள உக்காரலாமுங்க, கோயில் பெஞ்சுல உக்காந்து திங்கக் கூடாதுங்களா?" என்று கேட்டார். அடுத்த வாரம் அவரே பெஞ்சுகளைத் துடைத்துப் போட்டார்.

அவரை நன்கறிந்த உங்களில் பலருக்கும் மாரப்பனைத் தெரிந்திருக்காது. மாரப்பனும் அவர் மனைவி ராசம்மாவும் பொள்ளாச்சியில் தேங்காய்க் களத்தில் வேலை செய்தவர்கள். மாரப்பனுக்குப் பார்வை போனதும், களத்தில் தங்கியிருந்த இடமும் போயிற்று. உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே படுத்திருந்தார்கள். மழை தொடங்கியிருந்தது. வீடில்லாதவர்களுக்கான விடுதிகளோ ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. இருவரும் பிரிய மாட்டோம் என்றார்கள். கொஞ்ச நாள்தான், அதற்குள் ரூம் பார்த்துத் தருகிறேன் என்று அண்ணன்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார். ராசம்மாவின் முந்தானையிலிருந்து மாரப்பனின் விரல்களை அவர் விடுவித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

கண் தெரியாதவர், பிள்ளைகள் இல்லாதவர் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர்கள் பின்வாங்கினார்கள். அலைந்து அலைந்து, கடைசியில் அன்னூரில் மாவு மில்லுக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. வெள்ளையடித்து முடிப்பதற்குள் மாரப்பன் காய்ச்சலில் விழுந்து, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். செய்தி சொல்ல அண்ணனும் நானும் பெண்கள் விடுதிக்குப் போனோம். ராசம்மா அழவில்லை.

"கடசீல எம்பேரச் சொன்னாருங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணனுக்குப் பொய் வராது. "தெரியலீங்கம்மா. நான் பக்கத்துல இல்லீங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "நனஞ்சாலும் சேந்து நனஞ்சிருப்பாங்க. நாம பிரிச்சுப்போட்டோம்" என்றார். அதற்குப் பிறகு தம் வீட்டு மாடி அறையைக் காலி செய்து, போக்கிடம் இல்லாத தம்பதிகளுக்குக் கொடுத்தார். மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு அறை கட்ட வேண்டும் என்று பங்குப் பேரவைக் கூட்டம்தோறும் எழுந்து நின்றார். கட்டலாம் என்று சொல்லாதவர் இல்லை. அந்த இடத்தில் இன்னும் புல்தான் முளைத்திருக்கிறது.

அன்னூர் அறையில் ராசம்மா தனியாகக் குடியேறினார். மாதாமாதம் அண்ணன் அரிசி கொண்டுபோவார். எத்தனை முறை அழைத்தாலும் உள்ளே போனதில்லை; வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

அடக்கத்துக்கு ராசம்மா பஸ் ஏறி வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அவரு மேல கோவமில்ல கண்ணு. ஒரு நாளைக்கு உக்கார வெச்சுச் சொல்லோணும்னு இருந்தேன். சொல்லாமயே இருந்துபோட்டேன்" என்றார்.

மாரப்பன் போன பிறகு, புதிதாகச் சாப்பிட வருகிறவர்களிடம் அண்ணன் பேரையும் ஊரையும் கேட்பதற்கு முன், "ஆரோட இருக்கோணுமுங்க?" என்று கேட்பார். அவரிடமிருந்து அந்தக் கேள்வியைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். போன ஞாயிறு, கொடுமுடியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவரிடம் அதைக் கேட்டேன். அவர் சோற்றிலிருந்து கையை எடுத்து, தெருப்பக்கம் காட்டினார். அங்கே அவர் தம்பி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். போய் அழைத்து வந்தேன்.