தரையில் உதிர்ந்த வெண்பொடி

பேத்தி தன் கரும்பலகையைத் துடைத்தபோது சீமைச் சுண்ணாம்புப் பொடி என் மடியில் உதிர்ந்தது. எட்டு வயதில் கறம்பக்குடியில் நான் குர்ஆன் ஓதிய பள்ளி நினைவில் விரிந்தது.

அங்கே மரப்பலகையில் மையால் எழுதி ஓதுவோம். எழுத்தைக் கழுவிய நீரையும் கால்படாமல் முருங்கையடியில் ஊற்றுவோம். ஓதிக்கொடுக்கப் புதிதாக வந்த ஹஸ்ரத் கரும்பலகை மாட்டினார். இறைவசனத்தை எழுதித் தமிழில் பொருளும் சொன்னார். நாவில் மட்டும் இருந்த சொல் என் நெஞ்சில் இறங்கிய நாள் அது. பிறகு அவர் பலகையைத் துடைக்க, பொடி தரையில் விழுந்தது. பிள்ளைகள் ஒருவரும் அதன்மேல் கால் வைக்கவில்லை.

மகளை அழைத்துப்போக வந்த என் அத்தா, தரையில் கிடந்த பொடியைக் கண்டு கொதித்தார்.

"ஓதுன எழுத்தை மிதிக்கவா புள்ளைய அனுப்புறோம்? நாளையிலேருந்து இவ வரமாட்டா!"

"தப்புத்தாங்க. நான் யோசிக்கலை" என்றார் ஹஸ்ரத், தலைகுனிந்து.

நான் முக்காட்டை நனைத்துத் தரையின் பொடியை ஒற்றியெடுத்தேன்.

"தெனமும் நானே தொடச்சு முருங்கைக்கு ஊத்துறேன் அத்தா. எனக்கு அர்த்தம் வேணும்."

அத்தா என் ஈர முக்காட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"முக்காட்டை நனைக்காத. நாளைக்கு வேற துணி கொண்டுபோ."

பேத்தி எழுதியிருந்தது வாய்ப்பாடுதான். ஆயினும் மடியை உதற மனம் வராமல், கொல்லை முருங்கையடிக்கு நடந்தேன்.