பன்னிரண்டு இருபத்தாறு வரை

என் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. உறையின் ஓரங்கள் மஞ்சளாகிவிட்டன, கீழ்மூலையில் சாம்பார்க் கறை. இருபத்துநான்கு வரிகள், வரிக்கு ஏழு கட்டங்கள், கட்டத்துக்கு இரண்டு நேரங்கள். டில்லியில் பிறந்து தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் என் மகள் இதை ஏதோ பழைய ரயில் அட்டவணை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். போன மாதம் சமையலறையைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று வந்தவள், அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, “அம்மா, இதைத் தூக்கிப் போட்டுடவா? சப் குச், எல்லாமே ஃபோன்லயே வருதுல்ல?” என்றாள். கையில் இருந்த கரண்டியோடு ஓடிப் போய்த் தடுத்தேன். அது டில்லிக்கான ராகு கால அட்டவணை. கணக்குப் போட்டவர் என் அத்தான், அதாவது அக்காவின் கணவர். ராகு காலத்தில் கடுகளவும் நம்பிக்கை இல்லாத மனிதர். அந்த அட்டவணையின் முதல் வரியில் உள்ள ஒரு கட்டத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, என் அக்காவின் உயிர் மாட்டிக்கொண்டு நின்றது.

அத்தானுக்கு புசா ரோடு பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. நாட்டுக்கே சரியான நேரத்தைத் தரும் கடிகாரங்களைக் கவனித்துக்கொள்ளும் சிலரில் அவரும் ஒருவர். நான் மத்திய அரசு குமாஸ்தா வேலை கிடைத்து திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கியபோது, கோல் மார்க்கெட் அருகே அவர்களுடைய அரசாங்கக் குவார்ட்டர்ஸில்தான் தங்கினேன். இரண்டே அறை. அதில் ஆறு வருடம் என்னையும் வைத்துக்கொண்டு முகம் சுளிக்காத மனிதரைப் பற்றிக் கேலியாக எழுதுவது நன்றிகெட்டதனம்தான். ஆனால் கேலி செய்யாவிட்டால் அவருக்கே பிடிக்காது. பகலெல்லாம் நொடியைக் கோடிக் கூறுகளாக்கிப் பார்த்துவிட்டு வருகிறவர் வீட்டில், சுவர்க்கடிகாரம் எட்டு நிமிடம் வேகமாக ஓடும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று பிள்ளைகளைப் பயமுறுத்த அக்கா செய்த ஏற்பாடு அது. அத்தான் கதவைத் திறந்ததும் அந்தக் கடிகாரத்தைப் பார்ப்பார், கண்ணை மூடிக்கொள்வார், பிறகு செருப்பைக் கழற்றுவார்.

அக்காவுக்கு நேரம் என்றால் அது ஊரிலிருந்து வரும் தினசரிக் காலண்டர்தான். ஒவ்வொரு டிசம்பரிலும் யாராவது ஒருவர் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்துவிடுவார்கள். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. அதற்குள் யாரும் வாசற்படி தாண்டக்கூடாது. அத்தானுக்கு ஒன்பதரை மணி ஆபீஸ். சரியாக ஒன்பதடித்து ஐந்து நிமிடம் கழித்து, நெற்றியில் திருநீறு பூசி ஸ்கூட்டரில் ஏற்றிவிடுவாள். அவர் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. ஆனால் ஒரு ஜனவரி மாதம், பனிமூட்டத்தில் எதிர்வீடுகூடத் தெரியாத ஒரு காலையில், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றவர் கேட்டார்: “சூரியனே இப்பதான் கண்ணத் தொறக்கான். ராகு மட்டும் ஏழரைக்கே டூட்டில சேந்துட்டானாக்கும்?”

கேள்வி நியாயமானது. ராகு காலம் என்பது சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பொழுதை எட்டாகப் பங்கிட்டு, கிழமைக்கு ஒரு பங்கைத் தள்ளி வைப்பது. ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம் என்று ஒரு பொதுக் கணக்குக்குப் போட்டதைத்தான் காலண்டரில் அச்சடிக்கிறார்கள். நம் ஊருக்கு அது ஓரளவு ஒத்துவரும். டில்லி ஜனவரியில் ஏழே காலுக்குத்தான் சூரியன் எழுந்திருக்கிறது. ஜூன் மாதத்தில் ஐந்தரைக்கு முன்பே நடுமண்டையில் அடிக்கிற தோரணையில் வந்துவிடுகிறது. இங்கே இருக்கிற தமிழர்கள் அத்தனை பேரும், வேறு ஊர் சூரியனுக்குப் பயந்து டில்லியில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தோம்.

அத்தான் ஒரு வருடம் முழுக்க, தினமும் செய்தித்தாளில் வரும் உதய அஸ்தமன நேரங்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு வகுத்தார். எல்லாம் எதற்காக? மனைவியின் மூடநம்பிக்கையை அறிவியல் முறையில் ஒழிப்பதற்காக. கடைசியில் ஒருநாள் நோட்டை விரித்து, ஜனவரித் திங்கட்கிழமையில் உண்மையான ராகு காலம் எட்டு முப்பத்திரண்டிலிருந்து ஒன்பது ஐம்பது என்று காட்டினார். “அப்பம் என்ன அர்த்தம்? குளிர்காலத்துல பன்னெண்டு வருசமா நீ என்னை நட்டநடு ராகு காலத்துலதான் அனுப்பிருக்க. எனக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல.” சொல்லிவிட்டு, பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையன் மாதிரி எங்கள் இருவரையும் பார்த்தார்.

அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ, ஒண்ணும் ஆகலயா? அதான் உங்க பிரமோஷன் தள்ளித் தள்ளிப் போயிருக்கு! முருகா, இப்பமாவது கண்டுபிடிச்சீகளே.” அவள் கையோடு நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். மறுவாரமே கோல் மார்க்கெட் டைப் கடையில் கொடுத்து, பதினைந்து நாளுக்கு ஒரு வரியாக, அழகாக அடித்து வாங்கிவிட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். மந்திர் மார்க் கோயிலுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களெல்லாம் பிரதி கேட்டன. மாடி வீட்டு நர்ஸம்மா, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், அவரும் ஒன்று வாங்கிக்கொண்டார். உங்களுக்கு எதற்கு என்று கேட்டதற்கு, “உங்க வீட்டுக் கதவ எந்த நேரத்துல தட்டக்கூடாதுன்னு தெரியணும்ல?” என்றார். ராகு காலத்தை ஒழிக்கக் கிளம்பிய அத்தான், டில்லித் தமிழர்களுக்கு ராகு கால நிபுணர் ஆகிப்போனார்.

தெருவில் பார்க்கிறவர்கள் கேட்பார்கள், சார், பெண் பார்க்கப் போகிறோம், நல்ல நேரம் எது என்று. அத்தான் ஒரே பதிலை வைத்திருந்தார். “நேரந்தான் எங்க டிபார்ட்மென்ட். நல்லது கெட்டது வேற ஆபீஸ்.” சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் நிறைந்த தெரு என்பதால் எல்லோருக்கும் உடனே புரிந்துவிடும்.

எனக்குத்தான் அது அவ்வளவு சுலபமாகச் செரிக்கவில்லை. ஓர் அணுவின் துடிப்பை எண்ணித்தான் நொடியைப் பிடிக்கிறார்கள் என்று அவர் எனக்கு விளக்கியிருக்கிறார். அந்தத் துடிப்புக்குச் செவ்வாயும் தெரியாது, வெள்ளியும் தெரியாது. ஒரு நொடி அச்சு அசலாக இன்னொரு நொடி. காலங்காலமாக மனிதர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்து, இது எதற்கான நேரம் என்று கேட்டிருக்கிறார்கள். விதைக்கவா, தாலி கட்டவா, கப்பல் ஏறவா? வானமும் ஏதோ பதில் சொன்னதாக நம்பி வாழ்ந்து முடித்திருக்கிறார்கள். அத்தானின் கடிகாரங்கள் அந்தக் கேள்வியை வாங்கிக்கொள்வதே இல்லை, இப்போது மணி என்ன என்பதோடு சரி. அதைக் கேட்டபோது முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது, இனி எதற்கும் பயப்பட வேண்டாமே என்று. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் இல்லாத வீட்டில் தனியாக விட்டுப் போனது போலவும் இருந்தது. என் கல்யாணத்து நொடியும் நான் பல் பிடுங்கிக்கொண்ட நொடியும் ஒன்றுதானா? அப்படியானால் அர்த்தம் என்று ஒன்று கிடையவே கிடையாதா என்று அவரிடமே கேட்டுவிட்டேன். “கெடையாதுன்னு நான் சொல்லலியே பிள்ள. அது எங்க டிபார்ட்மென்ட் இல்லன்னுதான் சொன்னேன்.”

அத்தான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. ஆபரேஷனுக்கு முதலில் கொடுத்த நாள் அஷ்டமி என்று அவளே தள்ளிப்போட்டாள். இரண்டாவது நாள் காய்ச்சல் வந்து தள்ளிப்போட்டது. மூன்றாவதாக, பொங்கலுக்கு முந்திய வாரத்து வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு முடிவானது. டாக்டரம்மா பஞ்சாபிப் பெண்மணி, அன்பாகவே கண்டிப்பவர். இன்னும் தள்ளினால் கட்டி என்ன ஆகும் என்று தன்னால் சொல்ல முடியாது, அன்று விட்டால் தானும் மூன்று வாரம் ஊரில் இல்லை என்றார். அக்கா அட்டவணையைப் பார்த்தாள், எட்டரையில் ராகு இல்லை, நிம்மதியாக வந்து படுத்தாள். அன்று காலை பார்த்து ஓர் அவசர கேஸ் வந்துவிட்டது. அக்காவின் முறை பதினொன்றரைக்குப் போயிற்று.

காலண்டர்படி வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. அது தமிழ்நாட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அத்தானின் கணக்கில் அது குளிர்காலத்தில் முன்னால் போகுமா பின்னால் போகுமா என்பது அக்காவுக்கு எப்போதும் குழப்பம். அட்டவணை வீட்டில் இருந்தது, மூக்குக்கண்ணாடி என் கைப்பையில். நான் அத்தானை வராந்தாவுக்கு இழுத்துப் போனேன். “பதினொண்ணோட முடிஞ்சிட்டுன்னு சொல்லிருங்க அத்தான். ஒரே ஒரு வாட்டி. நீங்க சொன்னா அவ நம்புவா.” அவர் மணிக்கட்டைப் பார்த்தார். அப்படியே உள்ளே திரும்பி நடந்தார். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

உள்ளே நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவளும் நம் பக்கத்துப் பெண்தான், நாகர்கோவில்காரி. அக்கா பேனாவைத் தொடவில்லை. “ஏங்க, ராகு காலம் எப்ப முடியுது?” என்றாள். நான் அத்தானின் முழங்கையைக் கிள்ளினேன்.

“பன்னெண்டு இருபத்தாறு,” என்றார் அத்தான். “நீ உள்ள போற நேரம் ராகு காலந்தான். பொய் சொல்ல வரல எனக்கு.” கட்டில் பக்கமாக நகர்ந்து வந்தார். “இத்தன வருசம் செகண்ட எண்ணியிருக்கேன். அதுல நல்லது கெட்டதுன்னு ஒண்ண நான் பாத்ததில்ல. ஆனா ஒனக்கு பயமா இருக்குல்லா? எனக்கும்தான் இருக்கு. பன்னெண்டு இருபத்தாறு வரைக்கும் அந்தக் கதவுகிட்டயே நிக்கேன். உக்கார மாட்டேன்.”

முடிந்தது போ என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நர்ஸிடம் கையை நீட்டிப் பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடும்போது, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “முடிஞ்சிட்டுன்னு சொல்லிருந்தீகன்னா நான் போட்டிருக்கவே மாட்டேன். நீங்களே நேரத்தப் பொய்யாச் சொல்லுத நெலம வந்துட்டுன்னா, என் கதையே முடிஞ்சிட்டுன்னுல்லா அர்த்தம்?” படிவத்தில் நேரமும் குறிக்க வேண்டும் என்றாள் நர்ஸ். அக்கா அத்தானைப் பார்த்தாள். “பதினொண்ணு பன்னெண்டு,” என்றார். அப்படியே எழுதினாள்.

தியேட்டர் கதவுக்கு எதிரே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அத்தான் முழங்கால் வலிக்காரர். ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்திருக்க முருகனைக் கூப்பிட வேண்டும், அவர் கூப்பிட மாட்டார், நான்தான் கூப்பிடுவேன். ஆனால் அன்று அசையாமல் நின்றார். வார்டுபாய் ஒருவன், “பாபுஜி, பைட்டியே” என்று இரண்டு தடவை உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனான். நான் வாய்க்குள் கந்தனைக் கும்பிட்டுக்கொண்டே அவரையும் கதவையும் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். தோள் இரண்டும் இறங்கின. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “பிள்ள, டீ குடிப்போமா?” என்றார்.

சுவர்க்கடிகாரத்தில் பன்னிரண்டு இருபத்துநாலு. “என்ன அத்தான், ராகு காலம் முடிஞ்சிட்டோ?” என்றேன். “கால் வலிக்கி,” என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, “அந்தக் கடிகாரம் ரெண்டு நிமிசம் ஸ்லோ” என்றார். அந்த நேரத்தில், அந்த இடத்தில், நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஒன்றரை மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்து, எல்லாம் சரியாக நடந்தது, பயப்படும்படியான கட்டி மாதிரித் தெரியவில்லை என்றார். பரிசோதனை முடிவும் அதையே சொன்னது. அதற்குப் பிறகு ராகு காலம் முடியும் நேரத்துக்கு எங்கள் வீட்டில் ‘அத்தான் டீ’ என்றே பெயர். கால் வலி, கால் வலி என்று கடைசிவரை சாதித்தார்.

அத்தான் போய் மூன்று வருடமாகிறது. விடிந்தும் விடியாமல் தூக்கத்திலேயே போய்விட்டார். சான்றிதழில் எழுதுவதற்காக நேரம் என்ன என்று டாக்டர் கேட்டபோது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. நாட்டுக்கு நேரம் காட்டியவரின் கடைசி நேரத்தை யாரும் பார்க்கவில்லை. அன்று என்ன கிழமை, எந்தப் பங்கு என்று அக்காவும் கேட்கவில்லை, நானும் அட்டவணைப் பக்கம் போகவில்லை. அவள் இப்போது டில்லியிலேயே, துவாரகா பகுதியில் என்னோடு இருக்கிறாள். அவள் பெட்டியோடு வந்ததுதான் அந்தக் காகிதமும்.

ஆபரேஷனுக்குப் பிறகு வருடா வருடம் ஜனவரியில் அவளுக்கு ஒரு ஸ்கேன் உண்டு. இந்த வருடம் ஆஸ்பத்திரியில் கொடுத்த நேரம் வெள்ளிக்கிழமை பதினொன்றரை. நான் பதறிப்போய், போன் போட்டு மாற்றுகிறேன் என்றேன். அக்கா தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: “எதுக்குட்டி மாத்தணும்? பன்னெண்டு இருபத்தாறு வரைக்கும் ராகு காலந்தான், எனக்குத் தெரியாதா? நீ வந்து கதவுகிட்ட நில்லு. அது போதும்.”

போய் நின்றேன். மகளும் கூட வந்திருந்தாள். “அம்மா, குர்சி காலியாத்தானே இருக்கு, உக்காரேன்,” என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஃபோனுக்குள் போய்விட்டாள். என் முழங்காலும் இப்போது அத்தானுடையது மாதிரிதான் ஆகிவிட்டது, வலித்தது. எல்லா நொடியும் ஒன்றுதான் என்பதில் எனக்கு இன்று சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்தக் கதவை விட்டு ஓர் அடி நகர எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு இருபத்தாறு ஆனதும் மகளின் தோளைத் தட்டி, “வா, டீ குடிப்போம்” என்றேன். டீ ஆறுவதற்குள் இந்தக் கதை முழுவதையும் அவளுக்குச் சொல்லி முடித்தேன்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்ததும் மகள் இழுப்பறையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். செல்லோ டேப். ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்று, தான் சுரண்டி வைத்த ஓரத்தை நன்றாக அழுத்தி ஒட்டினாள்.