தாம்பூலப் பையில் போன சாவி

மாமாவின் வண்டிச் சாவியைத் தொலைத்ததற்கு நான் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

மந்தைவெளியில் ஒரு சின்ன மண்டபத்தில் தம்பிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால், காலையில் மாமா குளித்துப் பட்டை போட்டுச் சாமியார்போல உட்கார்ந்திருந்தார். குத்தி முடித்ததுதான் தாமதம், கூட்டாளிகளோடு மண்டபத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

முந்தின வருஷமும் இப்படித்தான். குடித்துவிட்டு ஆட்டோவைப் பூக்கடைமேல் ஏற்றினார். பூக்காரம்மாவின் கை ஒடிந்தது. குடித்து ஓட்டிய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள், ஆட்டோ போயிற்று. அத்தை இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். ஞாயிறுதோறும் பூக்காரம்மா வீட்டுத் துணியையும் துவைத்துக் கொடுத்தாள். அந்த அம்மா அவளிடம் முகம்கொடுத்துப் பேசியதே இல்லை.

மதியம் மாமா தள்ளாடிக்கொண்டு வந்து, "கெளம்பு, நான் ஸ்டெடியாத்தான் கீறேன்" என்றார். லீவுக்கு நானும் அவர்களோடு போவதாக ஏற்பாடு. பைக்கில் அத்தை பின்னால், நான் பெட்ரோல் டேங்க் மேல். எனக்கு உயிர்ப்பயமெல்லாம் இல்லை. சித்திரை வெயிலில் டேங்க் தொடையைச் சுடும். பஸ் என்றால் ஜன்னலோரம் கிடைக்கும். அவர் கை கழுவப் போன நேரத்தில் மேஜைமேல் இருந்த சாவியை எடுத்து, வாசலில் அடுக்கியிருந்த தாம்பூலப் பைகளில் மூலையில் இருந்த ஒன்றில், தேங்காய்க்கு அடியில் போட்டுவிட்டேன். பைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அத்தை கவனிக்கவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

திருட்டு முழி காட்டிக்கொடுத்துவிட்டது. நான் உண்மையைச் சொல்வதற்குள் பை ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கும் நங்கநல்லூருக்குப் போய்விட்டது. அம்மா முதுகில் நாலு வைத்தாள், மாமா கத்தினார்.

"வுடு அண்ணி, கொயந்தய அடிக்காத. பஸ்ல போய்க்கிறோம்" என்றாள் அத்தை.

பஸ்ஸில் மாமா வாயைப் பிளந்து தூங்கினார். அத்தை அப்பாடா என்று சிரித்தபடி சாய்ந்து, இறங்கும்வரை என் கையை விடவில்லை. சாவி தொலைந்ததற்கு இவள் ஏன் சிரிக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

பை வாங்க வந்தவர்களையெல்லாம் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று அவள் விசாரித்ததை அன்று மரியாதை என்றே நினைத்தேன். சாந்தோம் என்றவருக்கும் அடையாறு என்றவருக்கும் முன்வரிசையிலிருந்து எடுத்துக் கொடுத்தவள், நங்கநல்லூர் என்ற அம்மாவுக்கு மட்டும், எட்டி, அந்த மூலைப் பையை எடுத்துக் கொடுத்தாள்.