குவாஹாத்திக்குக் கிளம்பி ஒயிட்பீல்டில் இறங்கிப் போனவர்

இந்தப் பயணத்தை ஆரம்பித்து வைத்தது பேத்தமங்களா ஏரி. போன வருஷம் நல்ல மழை பெய்து ஏரி நிரம்பியிருந்தபோது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். மகன் நித்தினுக்கு ஏழு வயது. கரையில் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, இதைவிடப் பெரிய தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டான். கடல் என்றேன். கடல் வேண்டாமாம், அதற்கு அக்கரையே இல்லையாம். அக்கரை இருந்தும் கண்ணுக்குத் தெரியாத ஆறு ஏதாவது இருக்கிறதா என்றான். வீட்டுக்கு வந்து அட்லஸை விரித்துப் பிரம்மபுத்திராவைக் காட்டினேன். அதன்மேல் வைத்த விரலை அவன் சாப்பிடக் கூப்பிடும்வரை எடுக்கவில்லை.

அப்படித்தான் ஏப்ரல் கடைசி வாரத்தில், பள்ளி விடுமுறையில், கே.ஜி.எஃப் என்கிற கோலார் தங்கவயலிலிருந்து நாங்கள் நான்கு பேரும் இருபத்தொன்பது நாள் பயணமாக அசாமுக்குக் கிளம்பினோம். குழந்தைகளோடு நீண்ட பயணம் போக யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தப் பதிவு முதல் நாளைப் பற்றி மட்டும். கிளம்புவதில் எழுத என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

வீட்டு ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். என் வீட்டுக்காரர் குமரேசன் ஒயிட்பீல்டு பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறார். பதினான்கு வருஷமாகக் காலையில் ரயில், ராத்திரியில் ரயில். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இதே பிழைப்புதான். எங்களுக்கு ரயில் என்றால் பயணம் இல்லை, டியூட்டி.

மகள் சஹானாவுக்குப் பதினொன்று. அவள் கதையை முதலிலேயே சொன்னால்தான் மற்றது புரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோகர்ணா போகக் கிளம்பி, பங்காருப்பேட்டை பிளாட்பாரத்தில் மூட்டை முடிச்சோடு நின்றபோது குமரேசனுக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஏதோ ஒரு மிஷின் நின்றுவிட்டது. நீங்கள் வீட்டுக்குப் போங்கள், ராத்திரி பஸ்ஸில் போகலாம், வந்துவிடுகிறேன் என்று போனவர், மறுநாள் சாயங்காலம்தான் வந்தார். கோகர்ணா அதோடு சரி. அதன்பிறகு எந்த ஊர்ப் பேச்சை எடுத்தாலும் சஹானா சொல்வது ஒன்றுதான்: "அப்பா வந்தா பாக்கலாம்." கோபமாகக்கூடச் சொல்லமாட்டாள். அதுதான் எனக்கு வலிக்கும். இந்தப் பயணத்தில் நித்தினுக்குப் பிரம்மபுத்திரா வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை போக வேண்டும் என்பதுதான்.

கிளம்பிய அன்று காலை ஐந்து இருபதுக்கு எங்கள் வீடு இருக்கிற மைசூர் மைன்ஸ் பகுதியிலிருந்து ஆட்டோ. மாரிகுப்பம் ஸ்டேஷன் வரை எண்பது ரூபாய். ரயில் ஆறு பத்துக்குத்தான். சீக்கிரம் போனதற்குக் காரணம் நித்தின். தண்டவாளம் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே நின்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மாரிகுப்பம் இந்தக் கிளைப்பாதையின் கடைசி ஸ்டேஷன். பிளாட்பாரத்தின் கோடிக்குப் போனால் தண்டவாளம் ஒரு தடுப்புக் கட்டையில் முட்டி நிற்கிறது. அதற்கப்பால் புதர், ஒரு நாய், தூரத்தில் தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேடு. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான் அந்தக் கட்டையை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏன் இதோடு நிறுத்திவிட்டார்கள் என்று நித்தின் கேட்டான். தங்கம் இங்கேதான் இருந்தது, அதற்குமேல் போய் என்ன செய்வது என்றேன். தங்கம் தீர்ந்த பிறகு கொஞ்சம் நீட்டியிருக்கலாமே என்றான். சஹானா குனிந்து தண்டவாளத்தின் முனையைத் தொட்டுப் பார்த்தாள். இது குவாஹாத்தி வரைக்கும் விடாமல் போகிறதா என்று அப்பாவிடம் கேட்டாள். போகும் என்றார்.

இனி எங்கள் ரயிலின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தினமும் போகிறவர்கள் செட்டு செட்டாகத்தான் உட்காருவார்கள். எந்தப் பெட்டி, எந்த மூலை, யார் ஜன்னல் பக்கம் என்பதெல்லாம் வருஷக்கணக்காக முடிவானது. வெளியாள் வந்து உட்கார்ந்தால் யாரும் சண்டை போடமாட்டார்கள். எதிரே வந்து நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அவரே எழுந்துவிடுவார். குமரேசனின் செட்டு மூன்றாவது பெட்டியில். எங்களுக்கு அங்கே இடம் நிச்சயம் என்று அதில்தான் ஏற்றினார். செட்டுக்காரர்கள் பெரிய மனது பண்ணி எனக்கும் பிள்ளைகளுக்கும் மூன்று சீட் விட்டார்கள். அவர் மட்டும் நான்கு வரிசை தள்ளி, தன்னுடைய வழக்கமான மூலையில் போய் உட்கார்ந்தார். டிக்கெட் பெரியவர்களுக்கு ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சீசன் டிக்கெட்டைக் காட்டி எனக்கு வேண்டாம் என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கோரமண்டல் தாண்டும்வரை வாழ்த்து, கிண்டல். குவாஹாத்தியில் கருவாடு கிடைக்குமா, திரும்பி வரும்போது காண்டாமிருகம் ஒன்று கொண்டு வா என்றெல்லாம் ஆளாளுக்குச் சொன்னார்கள். மாலூர் வருவதற்குள் வழக்கப்படி எல்லோரும் தூங்கிவிட்டார்கள். குமரேசனும் தூங்கினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. லீவு வாங்குவதற்காகக் கடைசி ஆறு நாளில் நான்கு நாள் டபுள் ஷிஃப்ட் பார்த்திருந்தார். அவருடைய போன் நித்தின் கையில் விளையாட்டுக்கு. எங்கள் காலை இட்லி அவர் மடியில், தினமும் கொண்டுபோகிற அதே டிபன் பையில்.

ஏழு ஐம்பத்தைந்துக்கு ஒயிட்பீல்டு. பெட்டியில் பாதிப்பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். நான் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு தலை, ஐந்து பை என்று எண்ணிச் சரிபார்த்தேன். கூட்டத்தில் குழந்தைகளைத்தானே எண்ணுவோம், அப்பாவை யார் எண்ணுகிறார்கள்? ரயில் நகர ஆரம்பித்தபோது ஜன்னல் பக்கம் இருந்த சஹானா ரொம்ப நிதானமாகச் சொன்னாள்: "அம்மா, அப்பா போறாரு."

எட்டிப் பார்த்தேன். டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செட்டோடு செட்டாக, என் வீட்டுக்காரர் மேம்பாலப் படியில் ஏறிக்கொண்டிருந்தார். நான் கத்திய கத்தலில் பெட்டியே திரும்பியது, அவர் திரும்பவில்லை. கன்டோன்மென்ட் வரை போகிற பாபு அண்ணன் மட்டும் செட்டில் மிச்சமிருந்தார். விஷயம் புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சஹானாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "தூக்கத்துல எறங்கிகினாருமா, இப்ப ஓடி வந்துருவாரு பாரு" என்று அவளிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

எட்டு இருபத்தைந்துக்குப் பையப்பனஹள்ளியில் இறங்கினோம். குவாஹாத்தி ரயில் கிளம்பும் புது டெர்மினலுக்கு ஆட்டோ நூறு ரூபாய். பக்கம்தான், நடந்தும் போகலாம் என்பார்கள். பைகளும் பிள்ளைகளும் இருந்தால் கேட்காதீர்கள். எங்கள் ரயில் பதினொரு மணிக்கு. டெர்மினலில் கழிப்பறை சுத்தமாக இருந்தது, குடிக்கத் தண்ணீர் கிடைத்தது. மற்ற நாளாயிருந்தால் அந்தப் பெரிய கூரையையும் கூட்டத்தையும் பற்றி இரண்டு பத்தி எழுதியிருப்பேன். இட்லி போனதால் பிள்ளைகளுக்கு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

ஒன்பது பத்துக்கு நித்தின் கையிலிருந்த போன் அடித்தது. தெரியாத நம்பர். குமரேசன்தான், யாருடைய போனையோ வாங்கிப் பேசினார். சத்தத்தில் பாதி கேட்கவில்லை. ஃபேக்டரி கேட்டில் இருக்கிறேன், வந்துவிடுகிறேன் என்பது மட்டும் காதில் விழுந்தது. அப்பா எங்கே இருக்கிறார் என்று சஹானா கேட்டாள். பொய் ஒன்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. கேட்டில் இருக்கிறாராம், வருகிறாராம் என்றேன். கோகர்ணாவுக்கும் இதே வார்த்தைதான். அவள் தன் பையைத் திறந்து, பயணத்துக்கென்று வாங்கிய புத்தகத்தை எடுத்து, பிரித்து வைத்துக்கொண்டாள். அரைமணி நேரமாக ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

அவர் வராவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்தேன். திரும்பிப் போவதா, மூன்று பேரும் ஏறிவிடுவதா? ஏறிவிடுவது என்று முடிவு செய்தேன். வேறொரு ரயிலில் பிறகு வந்து சேரட்டும். அந்த நிமிஷத்தில் எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை இங்கே எழுதினால் இந்தத் தளத்தை மூடிவிடுவார்கள்.

பத்து நாற்பத்திரண்டுக்கு வந்தார். சட்டை நனைந்து, டிபன் பை மட்டும் பத்திரமாக. அவர் சொன்ன கதை இது. மேம்பாலம் இறங்கி, கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, உட்கார்ந்ததும் மறுபடி தூங்கிவிட்டார். ஒன்பது கிலோமீட்டர் தள்ளி கேட்டில்தான் விழித்திருக்கிறார். அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்திருக்கிறது. ஏன்டா, நான் லீவு என்று தெரியும்தானே, பஸ்ஸில் எழுப்பக் கூடாதா என்று கூட இருந்தவரைத் திட்டினாராம். லீவு கேன்சல் ஆகிவிட்டது என்று நினைத்தோம் என்றாராம் அவர். பஸ் முழுக்க யாருக்கும் ஆச்சரியமே இல்லையாம். சொல்லும்போது இவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பிறகு ஆட்டோவில் மெட்ரோ ஸ்டேஷனுக்கு, அங்கிருந்து மெட்ரோ. இத்தனை நாளாக ஒயிட்பீல்டு வந்துபோகிறவர் அன்றைக்குத்தான் முதல்முறையாக மெட்ரோவில் ஏறியிருக்கிறார். ஏசி நன்றாக இருந்ததாம். நல்ல வேளை, நின்றுகொண்டே வந்தாராம், உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று பயந்து.

சஹானா இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீயா எறங்குனியா, இல்ல கூப்ட்டாங்களா?"

அவர் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "எறங்குனது நானாதான். கால் பழக்கம். கேட்டுல சூப்பர்வைசர் பாத்துட்டாரு. வந்ததுதான் வந்துட்ட, ஒரு மிஷின் நின்னுகீது, அரை மணி நேரம் பாத்துட்டுப் போன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"முடியாதுன்னேன். என் பொண்ணு காத்துனு இருக்குன்னேன்."

சஹானா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டிபன் பையை அவர் தோளிலிருந்து கழற்றி, தன் தோளில் மாட்டிக்கொண்டு பிளாட்பாரத்தை நோக்கி நடந்தாள்.

ரயில் சரியாகப் பதினொரு மணிக்குக் கிளம்பியது. சுமார் மூவாயிரம் கிலோமீட்டர், இரண்டரை நாள். கிளம்ப நினைப்பவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். டிக்கெட்டை இரண்டு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். ஐந்து வயது தாண்டிய பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழு டிக்கெட்தான், அரை டிக்கெட் போட்டுவிட்டு மடியில் கிடத்தலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஆளுக்கு ஒரு போர்வை, ஒரு தம்ளர் போதும்; நான் ஐந்து பை எடுத்தேன், இரண்டு பை வேலைக்கே ஆகவில்லை. சாப்பாட்டை ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. முக்கியமாக, தினமும் வேலைக்குப் போகிற ரயிலில், அதே பெட்டியில், அதே சீட்டில் உட்கார்ந்து ஊர்ப் பயணம் கிளம்பாதீர்கள். மனது அசாமுக்குத் தயாராக இருக்கும். உடம்பு ஷிஃப்டுக்குத்தான் போகும். லீவு எடுப்பதையும் பழகித்தான் எடுக்க வேண்டும் போலிருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இவ்வளவு பாடுபட்டு நாங்கள் பெங்களூர் வந்து பிடித்த ரயில், வந்த வழியே திரும்பி, ஒயிட்பீல்டு, மாலூர், பங்காருப்பேட்டை வழியாகத்தான் போகிறது. பங்காருப்பேட்டையில் நிற்காது, அதனால்தான் இந்தச் சுற்று. நம் ஊர் வழியாகவேவா அசாமுக்குப் போகிறோம் என்று நித்தினுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எல்லாத் தண்டவாளமும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறதா, தனியாக ஒன்றாவது இருக்காதா என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

குமரேசன் ஏறியதுமே கீழ் படுக்கையில் படுத்துவிட்டார். சஹானா மேல் படுக்கையில் ஏறிக்கொண்டாள். ஒயிட்பீல்டுக்குள் நுழையும்போது ரயில் சிக்னலுக்காக நின்றது. ரயில் நின்றதுதான் தாமதம், அவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். கண்ணைத் திறக்காமலே கால் தரையில் செருப்பைத் துழாவியது. அங்கே செருப்பு இல்லை.

மேலேயிருந்து சஹானா எட்டிப் பார்த்தாள். "செருப்பு எங்கிட்ட கீது. படுப்பா. நம்ம ஸ்டேஷன் வர இன்னும் ரெண்டரை நாள் ஆவும்."

நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய செருப்பு இரண்டையும் பேப்பரில் சுற்றித் தலைமாட்டில் வைத்திருந்தாள். மற்ற நாளாயிருந்தால் திட்டியிருப்பேன். அவர் மகளைப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார், படுத்தார். பங்காருப்பேட்டை வந்ததும் போனதும் அவருக்குத் தெரியாது.