கோப்பில் எழுதாத வலி

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில், புது மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சிப் பிரிவில் எனக்கு வேலை. சேர வருகிறவர்களுக்கு ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டுவேன். மாத்திரையும் பரிசோதனையும் இலவசம். பஸ் காசு உண்டு, மதியச் சாப்பாட்டுக்கு டோக்கன் உண்டு. டாக்டரைக் கேட்காமல் வேறு மாத்திரை போடக்கூடாது. அந்த மருந்தால் உடம்புக்கு ஏதாவது ஆனால் வைத்தியச் செலவும் இழப்பீடும் மருந்துக் கம்பெனி பொறுப்பு. அந்த வரி வந்ததும் எல்லோர் முகமும் தெளியும்.

செல்லூரில் விசைத்தறி ஓட்டும் ஒருவர் மூட்டுவலி மாத்திரை ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். நின்றே வேலை பார்த்து முழங்கால் இரண்டும் தேய்ந்திருந்தன. ஒரு நாள் காலை அவர் ரத்த வாந்தி எடுத்து, அவர் மனைவி ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"நீதானத்தா வாசிச்சுக் காட்டுன, எல்லாம் நாங்க பாத்துக்குவோம்னு? இப்ப முன்பணம் கட்டுங்கிறாக" என்று அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே ஓடினேன். வெளுத்த முகத்தோடு படுத்திருந்தவர் என்னைக் குனியச் சொன்னார்.

"பாப்பா, வலி தாங்காம மெடிக்கல்ல மாத்திர வாங்கிப் போட்டேன். பத்து நாளா. டாக்டர்ட்ட சொல்லிராத. சொன்னா நம்மளக் கைவிட்ருவாக."

இரண்டு வாரத்துக்கு முன், வரவேண்டிய நாள் இல்லாத ஒரு நாளில், அவர் என் மேசைக்கு வந்து நின்றார். "வலி கேக்கவே மாட்டேங்குது பாப்பா, வேற ஏதாச்சும் போடலாமா?" என்றார். எட்டுப் பேர் காத்திருந்தார்கள். "அடுத்த செக்கப் வரைக்கும் பொறுத்துக்கங்கண்ணே" என்று நிமிராமலே சொன்னேன். அன்றே டாக்டரிடம் கூட்டிப்போயிருக்க வேண்டும். கோப்பில் ஒரு வரிகூட எழுதவில்லை.

மறைத்தால் வைத்தியமே தவறிப்போகும் என்று, டாக்டரிடம் மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்த்து, இரைப்பையில் ரத்தம் கசிந்த இடத்தை அடைத்தார்கள். மதியம் டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கம்பெனிக்கும், ஆராய்ச்சியைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் மாலைக்குள் அறிக்கை ஃபேக்ஸ் போக வேண்டும்.

"வெளியில வாங்கிப் போட்ட மாத்திரைனால ஆனதுன்னு எழுதிரும்மா. நம்ம மருந்துக்குச் சம்பந்தம் இல்ல."

"அவர் எங்கிட்ட வந்து கேட்டாரு சார். நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஃபைல்ல இருக்கா?"

"இல்ல சார்."

"இல்லாதத எதுக்கு இழுக்குற?"

வெளியே வந்து உட்கார்ந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அந்த அக்கா, தோடு இல்லாத வெறுங்காதோடு பில் கவுண்டரில் நின்றிருந்தார். காலையில் அந்தக் காதில் தோடு இருந்தது. அறிக்கைத்தாளை இழுத்து, தறிக்காரர் என் மேசைக்கு வந்த நாள், கேட்டது, நான் சொன்னது எல்லாவற்றையும் எழுதி, என் பெயரைப் போட்டேன்.

டாக்டர் இரண்டு முறை வாசித்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு.

"வேலைக்கு உலை வைக்கும். தெரியுதா?"

"தெரியுது சார்."

கீழே வைத்த பேனாவை எடுத்தார். பிறகு, ஆராய்ச்சி மாத்திரையும் வெளி மாத்திரையும் சேர்ந்து பாதித்திருக்கலாம் என்று தன் கையால் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

குழு என்னை இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தது. வைத்தியச் செலவு முழுவதையும் கம்பெனி ஏற்றது. அந்த அக்கா கட்டிய முன்பணம் திரும்பக் கிடைத்தது. வேலைக்குப் போகாத நாட்களுக்கான இழப்பீட்டில் பாதியைத்தான் கொடுத்தார்கள், அதுவும் ஏழெட்டு மாதம் இழுத்தடித்து. வெளி மாத்திரை போட்டது அவர் தவறாம். என்னை ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து எடுத்து வரவேற்பில் போட்டார்கள்.

அவர் பிழைத்துக்கொண்டார். தறியில் நிற்க முடியாமல், உட்கார்ந்தபடி நூல் சுற்றும் வேலைக்குப் போனார். கூலி குறைவு.

காசோலை வாங்க வந்த அன்று அந்த அக்கா வரவேற்பு மேசையில் என்னைப் பார்த்து நின்றார்.

"நீ உள்ளத எழுதுனேன்னு டாக்டர் சொன்னாரு. நல்லா இருத்தா. ஆனா அன்னிக்கு ஒரு எட்டு அவர உள்ள கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. ஆமாங்கக்கா என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகுது வாரேன் என்று படியிறங்கினார்.