வரி விதிக்கச் சொல்லி வந்தவர்

வெளிநாட்டுக் கொடை வந்து குவியும் நாட்டில் வரி தண்டும் கை தளரும். கொடை நின்றதும் அதே கை கடனுக்கு நீளும். சிதம்பரத்தில் பொதுநிதியியல் கற்பித்த காலமெல்லாம் இதைச் சொல்லி வந்தேன். சொன்ன நானே அத்தளர்ச்சிக்குக் கையொப்பமும் இட்டேன்.

ஆழிப்பேரலைக்குப் பின், கடலூரை அடுத்த மீனவக் குப்பமொன்றில் வெளிநாட்டுக் கொடையால் ஒரு வரிசை வீடுகள் எழுந்தன. தெருவிளக்கையும் குடிநீரையும்கூடக் கொடையே பார்த்துக்கொண்டது. அவ்வீடுகளுக்கு வரி விதிக்கலாமா என ஊராட்சியினர் என்னைக் கேட்டனர். பிணங்களை எடுத்த மணலில் நின்று வரி பேச எனக்கு நா எழவில்லை. 'தற்போதைக்கு வேண்டா' என்று எழுதிக் கொடுத்தேன். அந்தத் தற்போது முடியவே இல்லை.

கொடை நின்று நெடுநாளாயிற்று. இப்போது அரசு வெளிநாட்டில் கடன் பெற்று அக்குப்பத்தின் ஊடே கடற்கரைச் சாலை அமைக்கிறது. இடிபடும் வீட்டுக்கு மாற்று வீடு உண்டு. ஆனால் பழைய வரிப் பற்றுச்சீட்டைக் காட்ட வேண்டும்.

சென்ற மாதம், அவ்வரிசையில் வாழும் மீன் விற்கும் பெண்மணி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். கணவரை அலைக்குப் பறிகொடுத்தவர்.

"ஊரே வரின்னா ஓடி ஒளியும். நான் ஒருத்திதான் வரி போடுங்கன்னு பஸ் ஏறி வந்திருக்கேன் சார்," என்று சிரித்தார். "நீங்க எழுதுனதக் காட்டித்தான் பஞ்சாயத்துல தொரத்துறாங்க."

உடன் சென்றேன். ஊராட்சி எழுத்தர் கோப்பைப் பிரித்தார். என் கையெழுத்து சற்றும் மங்காமல் இருந்தது.

"இந்த வருஷத்துலேருந்து போட்டுத் தரேம்மா. ஆனா ரோட்டு ஆளுங்க பழைய ரசீதுல்ல கேக்குறாங்க?"

"பழசையும் சேத்துக் கட்டிடுறேன் தம்பி."

"எப்பிடிம்மா? அப்ப ரெஜிஸ்டர்ல உன் வூடே கெடையாதே."

"வூடே இல்லாமத்தான் இத்தினி வருஷம் குடியிருந்தனா? எம்பொண்ண எங்கேருந்து கட்டிக் குடுத்தேன்?"

எழுத்தர் கோப்பை மூடி வைத்தார். அந்த அம்மையார் கேட்டது அவரையன்று, என்னை.

பிழை என்னுடையதே என விரிவாக எழுதி, சாலைக்கு நிலம் அளக்க வந்த அளவையாளரிடம் கொடுத்தேன். "லெட்டர் ரசீது ஆவாதுங்க ஐயா," என்று பணிவாகவே திருப்பித் தந்தார். பின் அவருடைய ஆட்கள், வரி கட்டி வந்த பழைய வீடுகளின் சுவர்களில் மாற்று வீட்டுக்கான சிவப்பு எண்களை எழுதத் தொடங்கினர். கொடை வீடுகளின் வரிசையில் வாயில்தோறும் மக்கள் நின்றிருந்தனர். வண்ணக் குவளையோடு அவ்வழியே நடந்தவர்களுள் ஒருவர்கூட அவர்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை.