வேணாம் மாமா

பாலத்துக்கு அடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் பழைய இரும்புச் சந்தையில் என் அக்கா புருஷனைப் பெயர் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ‘வேணாம்’ எங்கே என்று கேளுங்கள், ஆளாளுக்குக் கை காட்டுவார்கள். எந்தச் சாமானை நீட்டினாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழுவது அந்த ஒரு சொல்தான். விலை, பேச்சு, டீ எல்லாம் அதற்குப் பிறகு.

அவர் கொல்லர். கதவுக் கீல், மண்வெட்டி, கோடாலி, கசாப்புக் கத்தி என்று கேட்டதை அடித்துக் கொடுப்பார். என்னிடம் ஒரு சரக்கு ஆட்டோ இருக்கிறது. அந்தப் பாவத்துக்கு என் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. வாடகை தந்தாரா என்று கேட்காதீர்கள். டீ வாங்கித் தருவார். அதையும் ஒன்றை இரண்டாக ஊற்றச் சொல்வார்.

அவர் பட்டறையில் புதுச் சாமான் என்று ஒன்று கிடையாது. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், மூடிப்போன ஒரு தொழிற்பள்ளியிலிருந்து வந்தது. துளை போடும் இயந்திரம், தீப்பிடித்து எரிந்த ஒரு கடையிலிருந்து. அதன் ஒரு பக்கம் இன்னும் கருப்பு. உளி அடிக்க லாரியின் ஸ்பிரிங் பட்டை, கத்தி அடிக்கத் தேய்ந்த அரம். கடையில் போய்ப் புது இரும்பு வாங்குகிறவனைப் பார்த்தால், ‘யார் பெத்த புள்ளையோ’ என்று பரிதாபப்படுவார்.

சந்தையில் அவர் செய்கிற கூத்தைப் பார்க்கவே சிலர் வருவார்கள். இரும்பை வைத்து அடிக்கிற அடைகல் ஒன்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராக அதனிடம் போக மாட்டார். பக்கத்தில் கிடக்கும் துருப்பிடித்த சங்கிலியை நாலு தரம் புரட்டுவார். அப்புறம் வேண்டா வெறுப்பாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு பேரிங் குண்டை எடுத்து அடைகல்மேல் விடுவார். குண்டு துள்ளி எகிறினால் நல்ல கல். மொத்தென்று விழுந்தால் செத்த கல். விட்ட உயரத்துக்கே குண்டு திரும்பி வந்தாலும் மனிதர் முகத்தில் ஒன்றும் தெரியாது. “வேணாம்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். விற்கிறவன் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, ஒரு வெலை சொல்லிட்டுப் போங்கண்ணே!” என்று கூப்பிடுவான். இவர் செவிடன் மாதிரி நடப்பார். இன்னொரு தரம் கூப்பிட்டால்தான் திரும்புவார். அந்த நடைக்கே தனியாகச் சம்பளம் கொடுக்கலாம்.

அவருக்கு ஒரே மகன். அவனும் அதே உலையில் நின்றவன். அப்பனுடைய கை அப்படியே அவனுக்கு வந்திருந்தது, வாய்தான் வரவில்லை. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, விற்றவனைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டு வருவான். தன் காசில் முதன்முதலாக அவன் வாங்கியது, உலைக்குக் காற்றடிக்கும் பழைய புளோயர் ஒன்று. என் வண்டியில்தான் வந்தது. என்ன விலை என்று மாமா கேட்டார். சொன்னான். அதைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொல்லி, அவனையும் இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போய், கூட்டத்துக்கு நடுவில் நின்று விற்றவனிடம் கத்தினார். “எம்புள்ளைக்கு இரும்பும் தெரியல, மனுசனும் தெரியல. ஏமாளிகிட்ட வாங்கின காசு செரிக்குமா உனக்கு?” பாதிப் பணம் திரும்பி வந்தது. சந்தையே சிரித்தது. பையன் தலையைத் தூக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டான். “நான் உங்களுக்கு வேணுமா வேணாமாப்பா?”

“வேணாம், போ,” என்றார் மாமா.

தானே அடித்துச் செய்த சுத்தியலையும், காய்ந்த இரும்பைப் பிடிக்கும் சில குறடுகளையும் எடுத்துக்கொண்டு அவன் கிளம்பினான். மாமா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். தெருமுனை திரும்புவதற்குள் “அப்பா” என்று கூப்பிடுவான் என்று நின்றார். பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. கூப்பிட அவன் என்ன சாமான் விற்க வந்தவனா? பெற்ற பிள்ளை. வேணாம் என்றதை வேணாம் என்றே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எங்கேயோ கிரில் கேட் வேலை செய்கிறான், கல்யாணம் செய்துகொண்டான் என்று யார் மூலமோ காதில் விழுந்தது. அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. அக்கா அவனுடைய தட்டைத் தினமும் கழுவி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைப்பாள். மாமா சந்தைக்குப் போனார். பழைய இரும்பு எங்கெங்கிருந்தோ வந்து சேருகிற இடம் அது. அவன் கை பட்டது ஏதாவது ஒரு நாள் அங்கே வராதா என்று அவர் நினைத்திருக்க வேண்டும். வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் எந்தக் குவியலிலும் முதலில் குறடுகளைத்தான் புரட்டுவார்.

அப்படியே வந்தது. மழை பெய்துகொண்டிருந்த காலை. வரிசைக்கு வெளியே, பாலத்திலிருந்து தண்ணீர் சொட்டும் ஓரத்தில், ஒரு பெண் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். சந்தைக்குப் புதிது என்று யாருக்கும் தெரியும். பழகியவர்கள் அந்த ஓரத்தில் உட்கார மாட்டார்கள். சாக்கின்மேல் அடைகல்லுக்குப் பதிலாக வைத்து அடித்த தண்டவாளத் துண்டு ஒன்று, சில அரங்கள், குறடுகள். நான் வண்டியோடு டீக்கடையில் நின்றேன். நடந்தது மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்.

வழக்கப்படி தண்டவாளத்தில் குண்டை விட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு ஒரு குறட்டைக் கையில் எடுத்திருக்கிறார். அதன் ஒரு பிடி இன்னொன்றைவிட ஒரு விரல் நீளம். சுண்டுவிரலுக்குப் பிடிப்பாக இருக்கும் என்று மாமா கண்டுபிடித்த அளவு அது. அந்த மாதிரிக் குறடு செய்ய அவரையும் அவர் மகனையும் விட்டால் ஆள் கிடையாது.

“இது யாரோடதும்மா?”

“எங்க வீட்டுக்காரரோடதுங்கய்யா. கட்டட வேலையில சாரத்துலேருந்து விழுந்துட்டாரு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. படுத்த படுக்கையா இருக்காரு. மருந்து வாங்கணும்.”

“சுத்தியல் இல்லையா?”

“அத மட்டும் விக்க மாட்டேன்னுட்டாரு. தலைமாட்டுலயே வச்சிருக்காரு. இதெல்லாம் எடுத்துக்கறீங்களா? நீங்க பார்த்து என்ன குடுத்தாலும் சரி.”

மகன் உயிரோடு இருக்கிறான், எழுந்து நிற்க முடியாமல் கிடக்கிறான், அவன் பெண்டாட்டி மழையில் உட்கார்ந்து அவன் குறட்டை விற்கிறாள். இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும்? இவர் வாயில் வந்தது, “வேணாம்மா.” சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அங்கேயே அழுதுவிடுவோமோ என்று பயந்து நடந்தாராம். அவள் எப்படியும் கூப்பிடுவாள், அதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பலாம் என்று நடந்தாராம். அவள் கூப்பிடவில்லை. டீக்கடை வரைக்கும் வந்துவிட்டார்.

“மாப்ளே, நம்ம மருமக. அங்க உக்காந்திருக்கா. நீ வந்து பேசு, எனக்குப் பேச்சு வரல.”

ஓடினோம். சாக்கு விரித்திருந்த இடம் மட்டும் நனையாமல் இருந்தது. சந்தை வாசலில் தராசு வைத்திருக்கும் எடைக்காரரிடம் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். பஸ் நிறுத்தத்தில் விசாரித்தால் ஆளுக்கொரு பஸ்ஸைச் சொன்னார்கள். “பேரு கேட்டீங்களா, ஊரு கேட்டீங்களா?” என்று மாமாவைப் பிடித்து உலுக்கினேன். “கூப்பிடுவான்னு நெனச்சேன் மாப்ளே,” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது.

நனைந்துகொண்டே எடைக்காரரிடம் போய் அந்தச் சாமான்களைக் கேட்டார். எடைக்காரர் வாய்க்கு வந்த விலையைச் சொன்னார். மாமா கொடுத்தார். எடைக்காரர் பயந்துபோய், “ஒடம்பு கிடம்பு சரியில்லையாண்ணே?” என்றார்.

அக்காவிடம் மறைக்க முடியவில்லை. குறட்டைப் பார்த்ததுமே பிடித்துக்கொண்டாள். முழுவதையும் கேட்டுவிட்டு, “உங்க வாயில வேற வார்த்தையே கிடையாதா?” என்றாள். அதற்குப் பிறகு அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சாப்பாடு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், எழுந்து போய்விடுவாள்.

கிரில் கடைகள், கட்டட வேலை நடக்கும் இடங்கள், ஆஸ்பத்திரி வராந்தாக்கள் என்று நாங்கள் ஏறாத படி இல்லை. பையன் பெயரைச் சொன்னால், அதே பெயரில் வேறு யாரையோ கூப்பிட்டு நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா இப்போது சந்தையைச் சுற்றுவதில்லை. அந்தத் தண்ணீர் சொட்டும் ஓரத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். யாராவது எதையாவது நீட்டினால் வேணாம் என்று சொல்ல அவருக்குப் பயம் வந்துவிட்டது. இந்தச் சங்கதி பரவ எவ்வளவு நேரமாகும்? செத்த கல், விரிசல் விட்ட சம்மட்டி, பல் தேய்ந்த அரம் என்று ஒருவர் மிச்சமில்லாமல் அவர் தலையில் கட்டினார்கள். நான் சண்டை போட்டுப் பார்த்தேன். “இருந்துட்டுப் போகட்டும் மாப்ளே,” என்பார். பட்டறையில் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிய பிறகு அவள் வந்தாள். சாக்கு இல்லை, ஒரு துணிப்பை மட்டும். நான் மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நேராக அவர் முன்னால் வந்து நின்று, பையிலிருந்து சுத்தியலை எடுத்து நீட்டினாள். விற்க மாட்டேன் என்று அவன் தலைமாட்டில் வைத்திருந்த சுத்தியல். அது வெளியே வந்துவிட்டது என்றால் என்ன நடந்திருக்கும் என்று எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாமா முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

“எப்பம்மா?”

“போன மாசம்.”

“நான்... அவனோட அப்பாம்மா.”

“தெரியும்,” என்றாள். குரல் உயரவே இல்லை. “அன்னிக்கு வீட்டுக்குப் போயி, ஒருத்தரு குண்டை விட்டுப் பார்த்துட்டு வேணாம்னு போயிட்டாருன்னு சொன்னேன். குறட்டைக் கையில எடுத்தாரான்னு கேட்டாரு. எடுத்தாரு, யாரோடதுன்னுகூட விசாரிச்சாருன்னேன். நான் கிடக்கறதச் சொன்னியான்னாரு. சொன்னேன்னேன். அப்பறமுமா வேணாம்னாருன்னு கேட்டுட்டு, செவுத்துப் பக்கமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு.”

மாமாவுடையது வியாபார வாய், உள்ளே அப்படி இல்லை என்று அவளிடம் சொல்லி ஆகப்போவது என்ன? கேட்க வேண்டியவன் போய்விட்டான்.

“போறதுக்கு முன்னால ஒரு தரம் சொன்னாரு,” என்றாள். “சுத்தியல அந்த எடத்துக்கே கொண்டுபோ, அவருகிட்டயே வித்துடு, வெலைய மட்டும் கொறைக்காதன்னாரு.”

விலையைச் சொன்னாள். கடையில் ஒரு புதுச் சுத்தியல் என்ன விலையோ, அதே விலை.

மாமா சட்டைப் பையில் இருந்ததை எடுத்தார், இடுப்பில் இருந்ததை எடுத்தார், என் பைக்குள்ளும் கையை விட்டு எடுத்தார். எல்லாவற்றையும் சேர்த்து அவள் கையில் திணித்தார். அவள் தான் சொன்ன விலையை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவர் கையிலேயே வைத்தாள்.

“எல்லாத்தையும் எடுத்துக்கம்மா. வீட்டுக்கு வா. அவங்கம்மா இருக்கா. எங்ககூட வந்துடும்மா.”

“வேணாம்,” என்றாள்.

சொல்லிவிட்டு நடந்தாள். வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. பின்னாலேயே ஓட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, ஓடவில்லை. மாமா கூப்பிட்டார். அந்தச் சந்தையில் அவர் யாரையும் திரும்பக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவள் பெயர் அவருக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஒரு கையில் சுத்தியலும் ஒரு கையில் பணமுமாக, “அம்மா, அம்மா!” என்று கத்தினார். சந்தையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை.